படுத்துக்கொண்டே பதினைந்து சுற்று!



தோட்டத்துத் திடலிலும் பட்டணத்துக் காப்பிக் கடையிலும் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "குத்துச்சண்டைக்காரனும் குஸ்திக்காரனும் மோதினால் ஜெயிப்பது யார்?"

கிங்காங், தாராசிங் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் குஸ்திக்காரர் பக்கம் நிற்பார்கள். முகமது அலியின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் குத்துச்சண்டைக்காரர் பக்கம். பேச்சு சூடேற ஏறக் காப்பி ஆறிப்போகும். முடிவு மட்டும் வராது.

இதற்கு விடை காண உண்மையாகவே மேடை ஏறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கதைகளில் பலருக்கும் தெரியாத சேதிகள் ஏராளம். அவற்றில் சிலவற்றை இம்முறை கதம்பமாகக் கட்டித் தருகிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள். மேடையில் மணி அடிப்பதற்கு முன்பே, மேசையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு இன்னொரு சண்டை நடந்து முடிந்துவிடுகிறது!

முடியைப் பிடித்து அடித்தவர்

இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டேனியல் மெண்டோசா என்றொரு குத்துச்சண்டை வீரர் இருந்தார். யூத இனத்தவர். ஆள் அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் காலை நகர்த்தி, தலையைச் சாய்த்து, எதிரியின் குத்தைத் தவிர்க்கும் கலையில் கைதேர்ந்தவர். அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர்.

1795-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜான் ஜாக்சன் என்பவருடன் அவர் மோதினார். மெண்டோசாவுக்கு நீண்ட தலைமுடி. ஜாக்சன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கையால் அந்த முடியைப் பற்றிக்கொண்டு மறு கையால் குத்தித் தள்ளினார். மெண்டோசா தோற்றார்.

"இது அநியாயம்!" என்று நமக்குத் தோன்றும். ஆனால் அன்றிருந்த விதிகளில் விழுந்தவனை அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்றுதான் இருந்தது. தலைமுடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. காகிதத்தில் இல்லாத குற்றம் குற்றமாகாது! ஜாக்சன் பிற்காலத்தில் 'கனவான் ஜாக்சன்' என்று பெயரெடுத்துப் பிரபுக்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக் கொடுத்தார். கவிஞர் பைரனும் அவருடைய மாணவர்.

குஸ்தியும் சேர்ந்ததே குத்துச்சண்டை

இன்னொரு விந்தை. ஒரு காலத்தில் குத்துச்சண்டையே பாதி குஸ்திதான். கையுறை கிடையாது. எதிரியை இடுப்புக்கு மேலே பிடித்துத் தூக்கிப் போடலாம். ஒருவர் விழுந்தால் அதோடு ஒரு சுற்று முடிந்தது. அரை நிமிட ஓய்வு; மறுபடியும் எழுந்து வர வேண்டும். ஒரு சுற்றுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கே இல்லை.

கையுறை இல்லாமல் நடந்த கடைசி உலகக் கனஎடைப் பட்டப் போட்டி 1889-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்தது. ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் வெயிலில் 75 சுற்று மோதினார்கள். இரண்டே கால் மணி நேரம்! சல்லிவன் வென்றார். குடியால் பருத்துக் கெட்டுப்போயிருந்த அவருடைய உடம்பைத் தேற்றி மேடைக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் மல்டூன். அந்த மல்டூன் ஒரு குஸ்திக்காரர்!

ஆனால் அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1867-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் புதிய விதிகள் வெளிவந்திருந்தன. கையுறை போட வேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம். ஒரு நிமிட ஓய்வு. விழுந்தவர் 10 விநாடிக்குள் எழ வேண்டும். கட்டிப் பிடிப்பதும் குஸ்தி போடுவதும் கூடாது. இவற்றுக்குக் குவீன்ஸ்பெரி பிரபுவின் விதிகள் என்று பெயர். எழுதியவர் பிரபு அல்லர். ஜான் கிரகாம் சேம்பர்ஸ் என்பவர். பிரபு தம் பெயரை மட்டும் கொடுத்தார். உழைத்தவர் பெயர் மறைந்தது. பெயர் கொடுத்தவர் நிலைத்துவிட்டார். இது நமக்குப் புதிய கதையா என்ன!

அந்த விதிகள் பரவப் பரவ, குத்துச்சண்டையும் குஸ்தியும் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டது போலப் பிரிந்துபோயின.

தரையைக் கட்டிப் பிடித்த பயில்வான்

குஸ்தியிலும் காகிதத்தின் வேலை உண்டு. பஞ்சாபிலிருந்து புறப்பட்ட காமா பயில்வான் 1910-ஆம் ஆண்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவின் டாக்டர் ரோலரை வீழ்த்தினார். அடுத்து, செப்டம்பர் 10-ஆம் தேதி, போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவுடன் மோதினார். ஸிபிஸ்கோ காமாவைவிட அதிக எடை கொண்டவர்.

ஆட்டம் தொடங்கியதும் காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். அவ்வளவுதான். ஸிபிஸ்கோ விரிப்பைக் கட்டிப் பிடித்தவர் பிடித்தவர்தான். தோற்றதாகக் கணக்கு வர வேண்டுமானால் தோள் இரண்டும் தரையில் பட வேண்டும். குப்புறப் படுத்திருப்பவருடைய தோள் எப்படித் தரையில் படும்? இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் காமா புரட்டிப் பார்த்தார். முடியவில்லை. வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து மறு ஆட்டம் வைத்தபோது ஸிபிஸ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்குக் கிடைத்தது.

1928-ஆம் ஆண்டு பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். இம்முறை ஸிபிஸ்கோவால் படுக்க முடியவில்லை. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, காமா வென்றுவிட்டார்!

சட்டைக்குள் இருந்த சூட்சுமம்

இனிக் கலப்புச் சண்டைக்கு வருவோம். 1963-ஆம் ஆண்டு அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் ஜூடோக்காரர்களைக் கேலி செய்து ஒரு கட்டுரை வந்தது. எந்தக் குத்துச்சண்டை வீரனையாவது ஜெயிக்கும் ஜூடோக்காரனுக்கு 1,000 டாலர் பரிசு என்று அதை எழுதியவர் சவால் விட்டிருந்தார்.

சவாலை ஏற்றவர் ஜீன் லெபெல். அமெரிக்க ஜூடோ வெற்றியாளர். அவருடைய தாயார் ஐலீன் ஈட்டன் யார் தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திவந்த புகழ்பெற்ற அம்மையார்! தாய் குத்துச்சண்டையால் சோறு போட்டார். மகன் குத்துச்சண்டைக்கு எதிராக மேடை ஏறினார்.

கட்டுரை எழுதியவரே எதிரில் நிற்பார் என்று லெபெல் நினைத்திருந்தார். ஆனால் மேடைக்கு வந்தவர் மைலோ சாவேஜ் என்ற அனுபவமுள்ள குத்துச்சண்டை வீரர். டிசம்பர் 2-ஆம் தேதி, சால்ட் லேக் நகரில் போட்டி. உதைக்கக் கூடாது, ஆனால் குத்துச்சண்டைக்காரரும் ஜூடோச் சட்டை போட வேண்டும். இப்படித்தான் ஒப்பந்தம்.

சட்டைதானே என்று நாம் நினைப்போம். ஜூடோக்காரருக்கு எதிரியின் சட்டைக் கழுத்துதான் ஆயுதம்! நான்காம் சுற்றில் லெபெல் சாவேஜைக் கீழே வீழ்த்திக் கழுத்தை நெரித்தார். சாவேஜ் மயங்கிப் போனார். உள்ளூர் வீரர் அசைவற்றுக் கிடப்பதைக் கண்ட கூட்டம் கொதித்துப்போய்க் கையில் கிடைத்ததை வீசியது. சாவேஜ் கண் விழிக்க வெகு நேரம் ஆயிற்று.

சவால் எழுதியவருக்கு ஒரு கீறலும் இல்லை. அடிபட்டவர் கூலிக்கு வந்த வீரர். லெபெல் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

ஒற்றைக் கையுறை

இதே கதை 30 ஆண்டு கழித்து மீண்டும் நடந்தது. 1993-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் எல்லா வகைச் சண்டைக்காரர்களையும் ஒரே கூண்டுக்குள் மோத விட்டார்கள். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரே ஒரு கையில் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எதிரில் பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி. ஜுஜுட்சு வீரர். அவர் ஜிம்மர்சனைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். எழ வழி தெரியாத ஜிம்மர்சன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அன்று எல்லாரையும் வென்று பட்டம் பெற்றவர் கிரேசி. அந்தப் போட்டியை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் ரோரியன் கிரேசி. ராய்சின் அண்ணன்! ராய்ஸ் உண்மையிலேயே பெரிய வீரர், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் காகிதம் யார் வீட்டு மேசையில் எழுதப்பட்டது என்பதைக் கவனித்தீர்களா?

காலை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்

பிறர் எழுதிய விதிக்கு உட்பட்டும் ஜெயித்துக் காட்டியவர் உண்டா? உண்டு. நம் அண்டை நாட்டிலேயே.

1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதியது நம்மவர்க்கு நன்றாகத் தெரிந்த சேதி. சுட்டெரிக்கும் வெப்பத்தில் 15 சுற்றும் ஆடி அலி புள்ளிகளில் வென்றார். அதற்கு இரண்டே வாரம் கழித்து, ஜூலை 15-ஆம் தேதி, பேங்காக்கில் நடந்தது பலருக்குத் தெரியாது.

சேன்சாக் முவாங்சூரின் என்பவர் தாய்லாந்து முறைச் சண்டையில் பேர்போனவர். கால், முழங்கால், முழங்கை எல்லாம் அவருக்கு ஆயுதம். குத்துச்சண்டைக்கு வந்தபோது அத்தனையையும் விட்டுவிட்டு இரண்டு கையோடு வந்தார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அவருக்கு அது மூன்றாவது போட்டிதான். ஸ்பெயின் நாட்டு பெரிக்கோ பெர்னாண்டசை எட்டாவது சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தைப் பறித்தார்! மூன்றாவது போட்டியிலேயே உலக வெற்றியாளர். அதைவிடக் குறைந்த போட்டியில் அந்தச் சாதனையைச் செய்தவர் இல்லை.

காப்பித் தோட்டத்துப் பையன்

இப்போது தலைப்புக்குரிய கதை.

ஜப்பானின் யோகோஹாமாவில் 1943-ஆம் ஆண்டு பிறந்த சிறுவன் ஒருவன். குடும்பம் வறுமையில் விழுந்தது. 1957-ஆம் ஆண்டு தாத்தா, தாய், அண்ணன் தம்பிகளோடு கப்பலேறிப் பிரேசில் நாட்டுக்குப் புறப்பட்டான். வழியிலேயே தாத்தா இறந்துபோனார். பிரேசிலில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அவன் காப்பிக் கொட்டை பறித்தான், மூட்டை சுமந்தான். அந்த உழைப்பில் உடம்பு இரும்பானது. 1960-ஆம் ஆண்டு, ஜப்பானிய மல்யுத்தத்தின் தந்தை என்று சொல்லப்படும் ரிகிடோசான் அவனைப் பிரேசிலில் கண்டுபிடித்து நாட்டுக்கு அழைத்து வந்தார்.

கப்பலேறி வந்து மண்ணில் வியர்வை சிந்திய பரம்பரை நாம். இந்தப் பையன் நமக்கு அந்நியன் இல்லை. அவன்தான் ஆண்டோனியோ இனோக்கி.

ஆசியாவில் தன்னை எதிர்க்க ஆள் உண்டா என்று அலி பேசிய பேச்சு ஜப்பானியப் பத்திரிகைகளில் வந்தது. இனோக்கி அதை விடவில்லை. 1976-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி, தோக்கியோவின் புடோக்கான் மண்டபத்தில் 15 சுற்றுப் போட்டி என்று ஏற்பாடாயிற்று. அலிக்குப் பேசப்பட்ட தொகை 60 லட்சம் டாலர். இனோக்கியின் நீண்ட மோவாயைப் பார்த்து அலி அவருக்குக் 'கூழைக்கடா' என்று பட்டப் பெயர் வைத்தார். இனோக்கியும் சும்மா இருக்கவில்லை. "சண்டைக்குப் பிறகு உதவும்" என்ற பொருளில் அலிக்கு ஓர் ஊன்றுகோலைப் பரிசாகக் கொடுத்தார்!

நடுவர் யார்? மைலோ சாவேஜை மயங்க வைத்த அதே ஜீன் லெபெல்.

மணி அடித்ததும் இனோக்கி ஓடிவந்து தரையில் சறுக்கினார். மல்லாந்து படுத்தபடி அலியின் காலை உதைத்தார். மறுபடியும் உதைத்தார். பெரும்பாலும் எழவே இல்லை. படுத்திருப்பவரைக் குத்த வேண்டுமானால் அலி குனிய வேண்டும். குனிந்தால் குஸ்திக்காரர் பிடிக்குள் சிக்க வேண்டும். அலி சுற்றிச் சுற்றி வந்தார். "எழுந்து வா!" என்று கத்தினார். இனோக்கியின் சப்பாத்து அலியின் காலைக் கிழிப்பதைக் கண்டு, அதன் மேல் ஒட்டுத்தாள் சுற்ற வேண்டும் என்று அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி வற்புறுத்தினார். 15 சுற்றிலும் அலி விட்ட குத்துகள் ஆறு என்பது பலரும் சொல்லும் கணக்கு. உலக மகா வீரரிடமிருந்து ஆறே குத்து!

கூட்டம் குப்பையை வீசியது. "பணத்தைத் திருப்பிக் கொடு!" என்று கூச்சலிட்டது. மறுநாள் பத்திரிகைகள் இனோக்கியைக் கேலி செய்தன. கோழை என்றன.

அவர் ஏன் படுத்தார்? அலி தரப்பினர் கேட்டபடி குஸ்திப் பிடிகள் பலவும், நின்றபடி விடும் உதைகளும் விலக்கப்பட்டுவிட்டன என்று இனோக்கி தரப்பு சொல்லி வந்தது. இதில் இரு தரப்பு வாதமும் உண்டு. எப்படியானாலும் மேடையில் தெரிந்தது ஒன்றுதான். தமக்கு மிச்சம் விடப்பட்ட ஒரே வழியை அந்தத் தோட்டத்துப் பையன் 15 சுற்றும் விடாமல் பயன்படுத்தினார். அன்று காமாவின் முன் ஸிபிஸ்கோ படுத்தது தப்பிப்பதற்காக. இனோக்கி படுத்தது அடிப்பதற்காக.

இதில் யாருக்கும் தெரியாத சுவையான சேதி, புள்ளிக் கணக்கு. லெபெல் 71-71 என்று சமமாகக் கொடுத்தார். குத்துச்சண்டைத் துறையைச் சேர்ந்த தோயாமா யாருக்கு அதிகம் கொடுத்தார்? இனோக்கிக்கு, 72-68! மல்யுத்தத் துறையைச் சேர்ந்த எண்டோ? அலிக்கு, 74-72! ஒவ்வொருவரும் தம் இனத்தானை விட்டு அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். விதி மீறினார் என்று இனோக்கிக்குக் கழித்த புள்ளிகள் இல்லாவிட்டால் முடிவே வேறாயிருக்கும். கடைசியில் வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்தார்கள்.

அதே நேரம், அமெரிக்காவில் அது ஜூன் 25 இரவு. நியூயார்க்கின் ஷே அரங்கத்தில் சக் வெப்னர் என்ற குத்துச்சண்டை வீரரை ஆந்த்ரே என்ற மாமிச மலை தூக்கிக் கயிற்றுக்கு வெளியே எறிந்துகொண்டிருந்தார். மதுபானம் விற்றுப் பிழைத்த இந்த வெப்னர்தான் 1975-ஆம் ஆண்டு அலியுடன் 15-ஆவது சுற்று வரை நின்றவர். அதைப் பார்த்துத்தான் சில்வஸ்டர் ஸ்டாலோனுக்கு 'ராக்கி' படத்தின் கதை தோன்றியது.

ஊன்றுகோல் பலித்தது

வேடிக்கையாகக் கொடுத்த ஊன்றுகோல் வினையாயிற்று. அலியின் கால் வீங்கிப் புண்ணாகி, இரத்தம் கட்டிப்போயிற்று. ஓய்வெடுக்காமல் தென்கொரியா போனார். அமெரிக்கா திரும்பியதும் மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 28-ஆம் தேதி, கென் நார்ட்டனுடன் மோதி மிகுந்த சிரமப்பட்டுப் புள்ளிகளில் வென்றார்.

இருவரும் பகையாளி ஆனார்களா? இல்லை. நண்பர்களானார்கள். அலி தம் படத்தின் பாட்டை இனோக்கிக்குக் கொடுத்தார். அதுவே இனோக்கி மேடைக்கு வரும்போதெல்லாம் ஒலிக்கும் பாட்டாயிற்று. 1989-ஆம் ஆண்டு இனோக்கி ஜப்பானிய மேலவை உறுப்பினரானார். அடுத்த ஆண்டே ஈராக்கில் பிணையாக வைக்கப்பட்டிருந்த ஜப்பானியரின் விடுதலைக்காக நேரில் போனார். 1998-ஆம் ஆண்டு அவர் மல்யுத்தத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளில், நடுக்கம் கண்ட உடம்போடு தோக்கியோ வந்து வாழ்த்தினார் அலி. 2016-ஆம் ஆண்டு அலி மறைந்தார். இனோக்கியும் நடுவர் லெபெலும் 2022-ஆம் ஆண்டு ஒரே ஆண்டில் மறைந்தார்கள்.

ஆகவே, காப்பிக் கடைக் கேள்விக்கு என் பதில் இதுதான். குத்துச்சண்டைக்காரனா, குஸ்திக்காரனா என்று கேட்பதற்கு முன், விதியை எழுதியது யார் என்று கேளுங்கள். முடியைப் பிடிக்கலாமா, சட்டை போட வேண்டுமா, நின்று உதைக்கலாமா என்பதை எழுதியவன் பாதி சண்டையை ஜெயித்துவிடுகிறான். அடி மட்டும் மேடையில் நிற்பவனுக்கு.

நம் பாட்டன் பூட்டன்மார் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியாது. நம் பிள்ளைகளுக்குத் தெரியும். வேலைக்கானாலும் கடனுக்கானாலும் வீட்டுக்கானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் கேட்கச் சொல்லுங்கள். அந்த முதல் சுற்றை விட்டுவிட்டால் மற்ற 14 சுற்றும் படுத்துக்கொண்டுதான் ஆட வேண்டியிருக்கும்!